மூச்சுக்கு ஈரம் தந்த வீடு

ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்த புதிது. கோப்பிச் செடிகளுக்கு வரும் இலைநோயைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத காலம். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கார்த்திகை மாதம், பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது என் வலது கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது.

பல்வலிதானே என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பறிப்புக் காலத்தில் கணக்கப்பிள்ளைக்குப் படுக்க நேரம் ஏது? பழத்தின் தோலை நீக்கி, கழுவி, கொட்டையைக் களத்தில் பரப்பி, வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கிளறிவிட வேண்டும். தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். நான் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதே வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வாயை மூட முடியவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் தோள் துண்டில் வழியவிட்டேன். துரை வந்து பார்த்தார். பார்த்த உடனே, கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்.

கோப்பி ஏற்றிப் போகிற மாட்டு வண்டி ஒன்றில் மூட்டைகளுக்கு நடுவே எனக்கு இடம் செய்தார்கள். படுத்தால் மூச்சு அடைத்தது. அதனால் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மலையிறங்கினேன். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். அவள் ஊரிலிருந்து இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வெளியே இருக்கும் யாரிடமும் அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

தெல்தெனியவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. திகனயை அடைந்தபோது சாலை நெடுக வண்டிகள் அவிழ்த்துவிடப்பட்டு நின்றன. மகாவலி ஆற்றில் வெள்ளமாம், ஓடம் ஓடவில்லையாம், கண்டிப் பக்கம் யாரும் போக முடியாதாம். வண்டிக்காரர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் இருட்டியது. ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுப்பதுபோல இழுக்க வேண்டியிருந்தது. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம், சேவலின் கழுத்தை நெரித்தால் வருமே, அந்த மாதிரி இருந்தது. அந்தச் சத்தம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுற்றுக் கிராமங்களில் வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை வாங்கி, காயவைத்து, கண்டிக்கு அனுப்புகிறவர் அவர். என் சத்தத்தைக் கேட்டுவிட்டு மழையில் இறங்கி வந்தார்.

"வூட்டுக்குள்ள கொண்டு வாங்க. இப்பிடி மழைல வெச்சிக்கிட்டு நிக்காதீங்க" என்றார். வண்டிக்காரரும் அவரும் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதே சாலையில், வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் ஆறு வடியக் காத்திருந்தார். ஏதோ ஒரு தோட்டத்தில் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்களைப் போலவே மாட்டிக்கொண்டவர். கடைக்காரர் அவரைப் போய்க் கையோடு அழைத்து வந்தார். மெலிந்த, இளவயது ஆள். என் வாயை விலக்கிப் பார்த்தார். கழுத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு நடந்த பேச்சில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியை மனைவி பின்னால் சொன்னாள்.

"தங்கச்சி, இவற்ற தொண்டை உள்ளுக்கை வீங்கி அடைச்சுக்கொண்டு வருது. கழுத்தில ஒரு துவாரம் வெட்டி இந்தக் குழாயை வைச்சால் மூச்சு வரும்" என்றார் டாக்டர். அவர் கையில் சுண்டுவிரல் தடிப்பில், வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்று இருந்தது.

"நீங்க இத முன்ன செஞ்சிருக்கீங்களாய்யா?"

"செத்த உடம்பில செய்து பழகியிருக்கிறன். உயிரோட இருக்கிற ஆளுக்கு இதுவரைக்கும் செய்யேல்லை."

"வெட்டலைன்னா?"

"கன நேரம் தாங்கமாட்டார்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப வெட்டுங்கய்யா. நான் கையப் புடிச்சுக்கிறேன்" என்றாள். நிமிர்ந்து பேசாதவள் என்று சொன்னேனே, அவள்தான்.

கடையின் நீளமான பலகை மேசையில் என்னைக் கிடத்தி, தோளுக்கு அடியில் ஒரு சாக்குச் சுருட்டை வைத்தார்கள். தலை அசையாமல் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். கத்தி பட்டது தெரியும். வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காற்று இல்லாதவனுக்கு வலி பெரிதில்லை. எல்லாம் கறுத்துப்போய், மழைச் சத்தம்கூட எங்கோ தூரத்துக்குப் போய்விட்ட நேரத்தில், திடீரென்று நெஞ்சு தானாக விரிந்தது. காற்று என் வாயையும் தொடவில்லை, மூக்கையும் தொடவில்லை. கழுத்துக்கு அடியில் நேராக உள்ளே போய் விழுந்தது. மறுபடி விழுந்தது. நான் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது டாக்டர் குழாயை என் கழுத்தோடு சேர்த்து நாடாவால் கட்டிக்கொண்டிருந்தார்.

மனைவியைக் கூப்பிட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேச்சுக்கு வேண்டிய காற்றெல்லாம் கழுத்துக் குழாய் வழியாகவே வெளியே போய்விட்டது. இனி மூச்சு இருக்கும், பேச்சு இருக்காது போலிருக்கிறது என்று நினைத்து, அதுவும் போதும் என்று கிடந்தேன்.

கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த அறையில் என்னைப் படுக்கவைத்தார்கள். பிழைத்துவிட்டேன் என்று எல்லோரும் ஆறுதலாக இருந்தார்கள். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் என் நெஞ்சுக்குள் மணலைக் கொட்டியதுபோல ஆகிவிட்டது. இருமினால் காறிக்கொண்டு வந்தது, ஆனால் எதுவும் வெளியேறவில்லை. மூச்சு விடும்போது குழாய் சீறத் தொடங்கியது. டாக்டர் குழாயின் உட்பகுதியை வெளியே எடுத்தார். அந்தக் குழாய்க்குள் இன்னொரு குழாய் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் உள்ளே சளி காய்ந்து, பானையில் அடிப்பிடித்த கஞ்சிபோல ஒட்டியிருந்தது.

அதை எங்களிடம் காட்டி அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"நாங்கள் மூக்கால இழுக்கிற காத்து, நெஞ்சுக்குப் போக முந்தியே சூடாகி, ஈரமாகித்தான் போகும். மூக்கு அந்த வேலையைச் செய்யிறது எங்களுக்குத் தெரியிறேல்லை. இவருக்கு இப்ப காத்து மூக்குப் பக்கமே போகேல்லை. அதால உள்ளுக்கை எல்லாம் காயுது. மூக்கின்ர வேலையை இனி நாங்கள்தான் செய்யவேணும்."

மனைவி யோசித்துவிட்டுக் கேட்டாள். "வெளிய இம்புட்டு மழை பெய்யுதுங்களே. காத்தே ஈரமாத்தான இருக்கு?"

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர். "இது குளிர்ந்த காத்து. இதில இருக்கிற ஈரம் கொஞ்சம்தான். உள்ளுக்கை போய்ச் சூடானவுடன அது இவற்ற நெஞ்சில இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். சூடான ஆவியாலதான் இவரைக் காப்பாத்தலாம்."

நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறந்த நாளிலிருந்து என் முகத்தில் இருக்கும் மூக்கு, நான் தூங்கும்போதும் சண்டை போடும்போதும், யாரும் சொல்லாமல், ஒவ்வொரு மூச்சையும் இதமாக்கி, நனைத்து உள்ளே அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. பொடி போடவும் தடிமன் பிடிக்கவும்தான் அது இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். சாவின் பக்கத்தில் கிடந்தபோதும் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு செய்ததைச் சொல்ல வேண்டும். என் கட்டிலைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, வெள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டுக் கூடாரமாக்கினார்கள். பெரிய செம்புக் கேத்தல் ஒன்றின் மூக்கில் நீளமான மூங்கில் குழாயைப் பொருத்தி, ஆவி கூடாரத்துக்குள் வரும்படி டாக்டர் ஏற்பாடு செய்தார். ஆவி வரும் இடத்தில் தன் புறங்கையை வைத்துப் பார்த்து, மனைவியின் கையையும் வைக்கச் சொன்னார். கை சுட்டால் கேத்தலைத் தள்ளி வைக்க வேண்டும், ஆவி அறவே இல்லையென்றால் கிட்ட கொண்டுவர வேண்டும். என் கழுத்துக் குழாயின் வாயை மூடாமல் மெல்லிய துணி ஒன்றை நனைத்து அதற்கு முன்னால் தொங்கவிடவும் சொன்னார். உட்குழாயைக் கழற்றி, வெந்நீரில் போட்டு, கோழி இறகால் துடைத்து, திரும்ப மாட்டும் விதத்தையும் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார்.

சமையலறை வாசலில் ஒரு திரை தொங்கியது. கடைக்காரரின் மனைவி அதற்கு அப்பால் இருந்தார். வேற்று ஆண்கள் முன்னால் வருகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. திரை சற்று விலகும், துணி சுற்றிய இரண்டு கைகள் கொதிக்கும் பானையை நீட்டும். என் மனைவி வாங்கிக்கொள்வாள்.

"தங்கச்சி, துணியோட சேத்துப் புடிங்க. கை வெந்துடும்."

"சரிங்க ராத்தா." ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. எப்போது இவளுக்கு அவர் அக்காவானார் என்று எனக்குத் தெரியாது.

கேத்தல் ஆறுவதற்குள் அடுத்த பானை வந்துவிடும். பகலா இரவா என்று தெரியாமல் நான் கண் விழிக்கும்போதெல்லாம் அந்தத் திரைக்கு அப்பால் விறகு வெடிக்கும் சத்தமும் தண்ணீர் கொதிக்கும் சத்தமும் கேட்டன. கூடாரத்துக்குள் வெள்ளையாக ஆவி சுழன்றது. நெஞ்சுக்குள் இருந்த மணல் மெல்ல மெல்லக் கரைந்தது. இருமினால் சளி இளகி வந்தது. மனைவி துடைத்துவிட்டாள். வெறும் தண்ணீர்தான். மருந்து ஒன்றும் அதில் இல்லை. ஊரெல்லாம் கூரையில் கொட்டி வீணாக ஓடுகிற தண்ணீர், அடுப்பில் ஏறி ஆவியானதும் எனக்கு உயிராகிவிட்டது.

பிறகொரு நாள் காலையில் ஓடத்துறை நிலவரம் பார்க்க டாக்டர் போயிருந்தார். மழை ஓயாததால் வீட்டில் இருந்த காய்ந்த விறகு தீர்ந்து, நனைந்த விறகுதான் மிச்சம். அடுப்பு புகைந்தது, எரியவில்லை. கேத்தல் ஆறியது. கூடாரத்தில் ஆவி குறைந்து, துணிகள் குளிர்ந்து தொங்கின. எனக்குக் குழாய் மறுபடி சீறத் தொடங்கியது. பிறகு சீறலும் நின்றது. காற்று வரவில்லை. நான் கட்டில் சட்டத்தைத் தட்டினேன்.

மனைவி ஓடி வந்து உட்குழாயைக் கழற்றினாள். அது அடைத்திருந்தது. வெந்நீர் இல்லாததால் மிச்சமிருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இறகை விட்டுத் துடைத்தாள். ஆனால் குழாய்க்குக் கீழேயும் காய்ந்த சளி அடைத்திருந்தது போலும், வெறும் வெளிக்குழாய் வழியாகவும் காற்று வரவில்லை.

"ராத்தா, இவருக்கு மூச்சு வரல" என்றாள். சத்தம் போடவில்லை. அடங்கிய குரலில்தான் சொன்னாள்.

"விறகு பத்துதில்ல. உமியக் கொட்டுறேன், கொஞ்சம் பொறுங்க." திரைக்கு அப்பால் ஒரு சாக்கு அவிழும் சத்தம் கேட்டது. காய்ந்த கோப்பிப் பழத் தோலை அவர்கள் உமி என்று சொல்வார்கள். அது அடுப்பில் விழுந்ததும் குப்பென்று பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சம் திரையில் செம்மையாக ஏறியதை நான் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குப் பார்வை சரியாக இல்லை.

ஆபத்து வந்தால் செய்யும்படி டாக்டர் சொல்லிவைத்தது ஒன்று இருந்தது. மனைவி இறகின் நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்து, குழாய்க்குள் சில சொட்டு விட்டாள். நெருப்பு விழுந்ததுபோல் என் உடம்பு தூக்கிப்போட்டது. இருமல் வர வேண்டும், ஆனால் இரும உள்ளே காற்று இல்லை. இன்னும் சில சொட்டு விட்டாள். அப்போது கேத்தலில் புதிய வெந்நீர் வந்து சேர்ந்தது. ஆவி முகத்தில் மோதியது. அடியில் ஏதோ நெகிழ்ந்தது. எங்கிருந்தோ ஒரு துளி காற்று உள்ளே நுழைந்தது. அந்தத் துளியை வைத்துக்கொண்டு நான் இருமினேன். குழாயின் வளைவு போலவே வளைந்த ஒரு பொருக்கு வெளியே தெறித்து எதிரே தொங்கிய துணியில் ஒட்டிக்கொண்டது.

என் மூச்சு குழாயில் போய் வரும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. திரைக்கு அப்பாலிருந்தவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொல்வது காதில் விழுந்தது. என் மனைவி குழாயை மாட்டி முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று மாலையே தாடையில் இருந்த கட்டி வாய்க்குள் உடைந்து வடிந்தது. டாக்டர் பல்லைப் பிடுங்கினார். வீக்கம் நாளுக்கு நாள் வற்றியது. ஒரு நாள் அவர் குழாயின் வாயை விரலால் மூடி, "இப்ப மூக்கால இழுத்துப் பாருங்கோ" என்றார். பயந்துகொண்டே இழுத்தேன். வந்தது. வெகு நேரம் மூடி வைத்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் குழாயை எடுத்துவிட்டு ஓட்டையைத் துணியால் கட்டினார்.

மூக்கு வழியாக நான் முழுதாக இழுத்த முதல் மூச்சில் ஒரு வாசனை வந்தது. இத்தனை நாளும் காற்று மூக்குக்குள் போகாததால் எனக்கு எந்த வாசனையும் தெரிந்திருக்கவில்லை. வந்த வாசனை நான் நன்றாக அறிந்தது. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கோப்பி. எங்கள் தோட்டத்தில் ஒரு மூட்டை அப்படி மணத்தாலே அன்று முழுவதும் ஏச்சு விழும். இங்கே அறை முழுக்க, சுவர் முழுக்க மணத்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் அறைச் சுவர் கூரைவரை போகவில்லை. அதற்கு அடுத்த அறைதான் கடைக்காரர் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கோப்பிக் கிட்டங்கி. சமையலறையும் நானும் சேர்ந்து கக்கிய ஆவியெல்லாம் சுவரைத் தாண்டி அந்தப் பருவத்துக்கு அவர் வாங்கிக் காயவைத்த கோப்பி மீது இறங்கியிருக்கிறது. மழையில் மூட்டைகளை வெளியே எடுக்கவும் வழியில்லை. இடம் கொண்ட மட்டும் கடைக்குள்ளும் அவர்கள் படுக்கும் அறையிலும் அடுக்கிவிட்டு, வீட்டார் சமையலறைத் தரையில் படுத்திருக்கிறார்கள். மிச்சம் அங்கேயே கிடந்திருக்கிறது. அதுவரை இது ஒன்றும் எனக்குத் தெரியாது, பின்னால்தான் அறிந்தேன். யாரும் சொல்லவில்லை.

கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் திரும்பக் கிடைத்த குரலில் நான் பேசிய முதல் பேச்சு அவரோடுதான். தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது அந்தக் குரல்.

"கோப்பி கெட்டுப்போச்சுங்களா நானா?" நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொஞ்சம் பூத்துப்போச்சி. வெயில் வந்தா காயப்போட்டுப் பாப்பம். நீங்க இன்னொருக்கா பேசுங்க. கொரல் நல்லா ஈக்குதான்னு பாக்கோணும்" என்றார்.

கிட்ட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூத்த கோப்பியை எவ்வளவு காயவைத்தாலும் அது பழையபடி ஆகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆவி பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அந்த நேரத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும். நோயாளியை அம்பலத்துக்குத் தூக்கிப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவனுடைய நெஞ்சு காயக்கூடாது என்பதற்காக, காயவைத்தே பிழைக்கிற அந்த மனிதர் தன் வீட்டையே நனையவிட்டார்.

ஆறு வடிந்து ஓடம் ஓடத் தொடங்கியதும் டாக்டர் முதலில் கிளம்பினார். என் கழுத்துக் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து, "நல்லா ஆறுது" என்றார். அவருக்கே நம்ப முடியவில்லை என்று முகம் சொன்னது. தோட்டத்துக்குத் திரும்ப எங்களுக்கு வண்டி வந்தபோது என் மனைவி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தாள். வண்டி நகர்ந்து திகனக் கடைகள் மறைந்த பிறகு சொன்னாள்.

"ராத்தாவோட கை ரெண்டும் ஆவி பட்டுத் தோல் உரிஞ்சு கெடக்குதுங்க. கேட்டா, அடுப்படியில இருக்கிறவளுக்கு இதெல்லாம் புதுசான்னு சிரிக்கிறாங்க."

அவர் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் கழுத்தில் காசளவு தழும்பு ஒன்று இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். குளிர்ந்த காலை வேளைகளில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்ப்பதும் உண்டு. மூக்கில் நுழையும்போது சில்லென்று இருக்கும் காற்று, நெஞ்சுக்கு வருவதற்குள் இதமாகிவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளியில் ஓசையில்லாமல் நடக்கிற ஒரு வேலையைச் செய்ய ஒரு வீட்டார் தங்கள் அடுப்பையும் கைகளையும் ஒரு பருவத்து உழைப்பையும் கொடுத்தார்கள் என்று நினைக்கும்போது, நான் விடும் மூச்சு எனக்கு மட்டும் சொந்தம் என்று இன்றுவரை என்னால் எண்ண முடியவில்லை.